நுனாட்டக்குக்குப் பெயர் வைப்பது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டார்டிகா கட்டுரையில் பனிக்கு மேலே தலைநீட்டும் பாறைமுகட்டை ‘நுனாட்டக்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். தமிழில் சொல் இல்லையா? அங்கே சின்ஹா என்ற இந்தியர் பெயரில் 990 மீட்டர் மலை இருக்கிறதாமே, இப்படிப் பெயர் வைப்பது யார்?

முரளி

அன்புள்ள முரளி,

நுனாட்டக் கிரீன்லாந்து மக்களின் சொல். ஐரோப்பிய மொழிகளும் அதை அப்படியேதான் எடுத்துக்கொண்டன. ‘பனிமலை’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும்; இது பனி மூடாத பாறை. ‘பாறைத்தீவு’ பரவாயில்லை, ஆனால் படிப்பவர் கடலைத் தேடுவார்.

990 மீட்டர் என்பது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். இம்மலைகளின் அடிவாரம் பனிக்குள் புதைந்திருப்பதால் வெளியே தெரிவது அதைவிடக் குறைவு. வரைபடத்து எண்ணைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

அக்கௌரி சின்ஹா 1971-72இல் அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹாசன், அமுண்ட்சன் கடல்களில் சீல், திமிங்கிலம், பறவைகளைக் கணக்கெடுத்த அமெரிக்கக் குழுவில் இருந்தவர். வேலை கடலில்; பெயர் ஏறியதோ மேற்கு அண்டார்டிகாவின் மேரி பேர்ட் லேண்ட் பகுதியில் உள்ள மலைக்கு. ஏறியவர், கண்டுபிடித்தவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்ற விதி அங்கே கிடையாது.

பெயர் வைக்க ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், நார்வே, பல்கேரியா என்று நாட்டுக்கொரு குழு. அமெரிக்கக் குழு இடங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறது. பெரிய நிலப்பகுதிகள் முதல் தரம், நுனாட்டக் மூன்றாம் தரம். பயணக் குழுக்களுக்குத் துணைநின்றவர்கள் பெயர் பெரும்பாலும் இந்தக் கடைசித் தரத்துக்குத்தான் போகும். சறுக்குவண்டி நாய், வணிகப்பொருள் பெயர்கள் சாதாரணமாகத் தேறாது (நாய்கள் பாவம், இழுத்ததெல்லாம் அவைதான்). பெயரை முன்மொழிகிறவர் அட்சரேகை, தீர்க்கரேகை, படம், இடத்தின் விவரிப்பு, காரணம் எல்லாம் தர வேண்டும். அதற்கு முன் அந்த இடத்துக்கு ஏற்கெனவே பெயர் உண்டா என்று பார்க்க வேண்டும்.

சிக்கலே அங்கேதான். பழைய வரைபடங்கள் பல விமானப் படங்களிலிருந்து வரையப்பட்டவை. தரையில் அளந்து சரிபார்த்த புள்ளிகள் குறைவு என்பதால் ஒரே பாறை இரண்டு வரைபடங்களில் சில கிலோமீட்டர் தள்ளி விழும். இரு நாடுகள் இரு பெயர் வைத்துவிடும். அண்டார்டிக் ஆய்வுக்கான சர்வதேச அறிவியல் குழு எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலில் தொகுக்கிறது. பெயர்கள் 35,000க்கு மேல், இடங்களோ ஏறத்தாழ அதில் பாதி. எது சரி என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. பெயர் வைத்ததால் நில உரிமையும் வராது. 1959 அண்டார்டிக் ஒப்பந்தம் நாடுகளின் உரிமைக் கோரல்களை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது.

எனக்குப் பிடித்தவை நார்வேக்காரர்கள் இடத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். உட்ஸ்டைனன் என்றால் ‘வெளிப்புறக் கல்’. மலைத்தொடரை விட்டு விலகி வடக்கே தனியாக நிற்கும் நுனாட்டக் அது. அதையொட்டிய பாறைமேட்டில்தான் 2009இல் பெல்ஜியம் தன் ஆய்வுநிலையத்தைத் திறந்தது.