தங்கை ஏறிப்போகும் பஸ்

கேள்வி: மாட்டுத்தாவணியில் என் தங்கை பஸ் ஏறிப் போகிறாள், கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடிக்கடி விடியற்காலையில் இதே கனவு. பாகப்பிரிவினைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. அவளுக்கு ஏதும் கெடுதல் வருமோ?
- வாசகி, திருமங்கலம்

பதில்: வராது, அம்மா. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று என் அப்பத்தாவும் சொல்வார். விஷயம் வேறு. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக உருளும், கனவுகள் அதிகம் வரும் தூக்கத்தை 1953இல் சிகாகோ ஆய்வாளர்கள் விவரித்தார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அது, விடியும் நேரத்தில் நீள்கிறது. அப்போது மூளையில் உணர்ச்சியைக் கையாளும் பகுதி விழித்திருக்கிறது. நிதானம் சொல்லும் முன்பகுதியோ அடங்கிக் கிடக்கிறது. பகலில் அமுக்கியது அப்போது எழுகிறது.

என் கணவர் போன பிறகு, அவர் இலையை மூடிவிட்டுக் கோபமாக எழுந்து போவதாகவே எனக்குக் கனவு. என் சமையலை ஒருநாளும் குறை சொல்லாத மனிதர்! கடைசி வாரம் அவர் ஆசையாய்க் கேட்ட ஜிகர்தண்டாவை, சர்க்கரை வியாதியைக் காட்டி மறுத்திருந்தேன். அவ்வளவுதான்.

கனவில் தங்கையை எப்படிக் கூப்பிடுகிறீர்கள், சிறுவயதுச் செல்லப்பெயரிலா? போனில் அப்படியே கூப்பிட்டுப் பாருங்கள். பத்திரப் பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்க வேண்டாம்.