இசக்கி பேய் பேரா?

வணக்கம் சார்,
சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பொண்ணு பொறந்து ரெண்டு மாசம் ஆகுது. அம்மா நேர்ந்திருக்கறதால இசக்கின்னுதான் பேர் வைக்கணும்ங்கறாங்க. மனைவி அது பேயோட பேருங்கறாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் அது ஐசக்லேர்ந்து வந்ததுங்கறார். எது சரி?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல்ல அந்த ஐசக் கதைய விட்ருங்க, சத்தம் ஒத்துப்போகுது, அவ்ளோதான். யக்ஷிங்கற பழைய பெண் தெய்வத்தோட பேரு தமிழ்ல இயக்கி ஆச்சு, இயக்கி பேச்சுல இசக்கி ஆயிருச்சு. முயல முசல்ங்கறோம், உயரத்த ஒசரம்ங்கறோம்ல, அதே கணக்கு. சிலப்பதிகாரத்துல கவுந்தியடிகள் கண்ணகிய மாதரிகிட்ட அடைக்கலமா குடுக்கறாங்கள்ல, அந்த மாதரி அப்ப எங்கேர்ந்து வர்றா தெரியுமா, மதுரைக்கு வெளிய இருந்த இயக்கிக்கு பால் படைச்சுட்டு திரும்பி வர்றா. அவ்ளோ பழசு.

உங்க மாவட்டத்துலயே சிதறால் மலை இருக்கு, ஒரு நடை போய்ட்டு வாங்க. பாறைல 9ஆம் நூற்றாண்டு சமண சிற்பங்கள், அதுல அம்பிகா யக்ஷி, கூட சிங்கம், ரெண்டு பிள்ளைங்க. சமணம் போனப்புறம் அந்த இடம் பகவதி கோயிலாயிருச்சு. ஊர்ப்புற இசக்கி கையிலயும் பிள்ளை இருக்கும், சில சிலைல இன்னொரு பிள்ளைய வாயில கடிச்சுகிட்டும் இருப்பா. கையில இருக்கறது அம்பிகாகிட்டேர்ந்து வந்த பிள்ளைன்னு எனக்கு தோணுது, வாயில இருக்கறது வேற கதை.

உங்க மனைவி பயப்படறதும் சும்மா இல்ல. கோயில் கொடைல, அதாவது திருவிழால, வில்லுப்பாட்டா பாடற நீலி கதைய கேட்டிருப்பாங்க, புருஷன் கையால செத்தவ பேயா வந்து, கள்ளிக்கொப்ப பிள்ளையாக்கி இடுப்புல வச்சுகிட்டு பழி தீக்கற கதை. உங்க பக்கத்துலயே முப்பந்தல் ஊர்ல கோயில் கொண்ட இசக்கிய இந்த நீலியோட சேத்துதான் சொல்வாங்க. ஆனா அதே இசக்கிகிட்டதான் பிள்ளை இல்லாதவங்க போய் தொட்டில் கட்டறாங்க, மண்ணுல பிள்ளை உரு செஞ்சு வைக்கறாங்க, பொறந்ததும் அவ பேரையே வைக்கறாங்க, ஆம்பளையா இருந்தா இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி. பிள்ளைய அடிக்கறவளுக்கே பிள்ளைய சொந்தமாக்கிட்டா அப்புறம் அவளே காவலுக்கு நின்னாகணும்ல, நம்ம ஆளுங்க சாமிகிட்டயே இப்படி மடக்கறவங்க!

அம்மா எந்த இசக்கிக்கு நேர்ந்தாங்க, முப்பந்தலா, இல்ல ஊர் இசக்கியான்னு ரெண்டு பேரும் உக்காந்து கேளுங்க. சர்டிபிகேட்ல ஒரு பேரு, வீட்ல இசக்கின்னு ஓட்டற குடும்பமும் உண்டு. நானா இருந்தா சர்டிபிகேட்லயே போட்ருவேன்.