ஜீவனி உப்புக் கரித்து, 3 வயதுப் பிள்ளை சத்தி எடுத்தால்

வயிற்றோட்டத்துக்குக் கொடுத்த ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) உப்புக் கரிக்கிறது, 3 வயதுப் பிள்ளை சத்தி எடுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கரைசலை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலவுங்கள். பக்கெற் முழுவதையும் 500 மில்லி போத்தலில் கரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், கரிப்பதற்குக் காரணம் அதுதான். 1 லீற்றருக்கான பக்கெற்றை அரை லீற்றரில் போட்டால் செறிவு இரட்டிப்பாகும். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும், இரத்தத்தில் உப்பையும் ஏற்றும். ருசிக்காகச் சீனி சேர்ப்பதும் அதே கெடுதல்தான்.

கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றரை அளந்து முழுப் பக்கெற்றையும் கரையுங்கள். வாயில் வைத்துப் பாருங்கள்: கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. சரியாக அளந்தும் கரித்தால் கிணற்றைச் சந்தேகியுங்கள். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் உவர்க் கிணறுகள் உண்டு. கொதிக்க வைத்தாலும் உவர் போகாது, நல்ல தண்ணீர் எடுங்கள்.

சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, 2–3 நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்பும் 100–200 மில்லி. 24 மணி நேரத்துக்குப்பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

அளவு அற்ப விடயமல்ல. 1971இல் மேற்கு வங்க அகதி முகாமில் வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் வாந்திபேதிக்குக் கொடுத்தது லீற்றருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5, சோடா உப்பு 2.5 மட்டுமே. ஏறத்தாழ 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ்தான் உப்பையும் தண்ணீரையும் குடற்சுவருக்குள் கூட்டிப்போகிறது.

பிள்ளை சோர்ந்து மயங்கினால், வலிப்பு வந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், 6 மணி நேரம் சலம் போகாவிட்டால் வீட்டில் வைத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். செறிவாகக் குடித்ததையும் அங்கே சொல்லுங்கள்.