விஜிஎம் எடை: பேக்கிங் லிஸ்ட்டில் இருப்பதை அப்படியே எழுதலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய யூனிட் எங்களுடையது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்பவர்) விஜிஎம், அதாவது சரிபார்க்கப்பட்ட மொத்த எடை, கேட்கிறார். பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள மொத்த எடையையே எங்கள் கணக்காளர் எழுதி அனுப்பிவிடுகிறார். ஷூ லோடு எப்படியும் எடை குறைவுதானே? ஒவ்வொரு தடவையும் எடைமேடை ஏற்ற வேண்டுமா? எடை தவறினால் பொறுப்பு யாருக்கு?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொறுப்பு உங்களுக்குத்தான். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதில்) ஷிப்பர், அதாவது சரக்கை அனுப்புபவர் என்று யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் எடைக்கு ஜவாப்தாரி. ஃபார்வர்டரும் டிரெய்லர்காரரும் உங்கள் எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள், அவ்வளவே.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், கணக்காளரிடம் பேசுவது சுலபம். 1912-ல் டைட்டானிக் மூழ்கி ஏறக்குறைய 1,500 பேர் இறந்த பிறகு, 1914-ல் லண்டனில் நாடுகள் கூடி எழுதியதுதான் ‘சோலாஸ்’ என்ற கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம். அதன் பிறகு பலமுறை புதிதாக எழுதப்பட்டு, 1974-ல் வந்த வடிவம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விஜிஎம் அதில் பின்னால் சேர்ந்த பிரிவு.

அதற்கு வித்திட்டவற்றில் முக்கியமானது எம்எஸ்சி நாப்போலி என்ற கண்டெய்னர் கப்பலின் விபத்து. 2007 ஜனவரி 18 அன்று ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி, என்ஜின் அறைப் பக்கம் கப்பலின் உடல் பிளந்தது. மாலுமிகள் 26 பேரும் பிழைத்தார்கள். கப்பலை இங்கிலாந்தின் பிரான்ஸ்கம் கடற்கரையருகே தரைதட்ட வைத்தார்கள். ஒதுங்கிய பெட்டிகளிலிருந்து பிஎம்டபிள்யூ பைக்குகளை ஜனங்கள் தள்ளிக்கொண்டு போன காட்சிதான் உலகம் முழுக்க ஓடியது. எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்த வேலை. மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 கண்டெய்னர்களை எடை போட்டுப் பார்த்தார்கள். 137 பெட்டிகளில் காகித எடைக்கும் நிஜ எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒன்றில் 20 டன். எல்லாம் சேர்த்து 312 டன் கூடுதல். உடல் பிளக்க முதல் காரணம் கப்பலின் கட்டுமானப் பலவீனம். எடையே முறித்தது என்று சிலர் சொல்வது மிகை. ஆனால் கப்பலில் உண்மையில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று கேப்டனுக்கே தெரியாது என்பது அம்பலமாகிவிட்டது. 2013-ல் எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கண்டெய்னர் கப்பல் இந்தியப் பெருங்கடலில் இரண்டாக முறிந்தபோது அதே கேள்வி திரும்ப எழுந்தது. 2014 நவம்பரில் சோலாஸ் திருத்தப்பட்டு, 2016 ஜூலை 1 முதல் விஜிஎம் இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்றானது.

‘ஷூ லோடு லேசுதானே’ என்பதற்கு வருகிறேன். வேலூர் மார்க்கெட்டில் மூட்டை அடுக்குபவர் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமானதை அடியில் போடுவார். கப்பலில் தூக்கிப் பார்க்க ஆள் கிடையாது. நீங்கள் எழுதிய எண்ணை வைத்துத்தான் அடுக்குகிறார்கள். லேசான பெட்டியானாலும் எண் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் கணக்காளர் செய்வதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பேக்கிங் லிஸ்ட் எடை என்பது சரக்கும் அட்டைப்பெட்டியும் மட்டும். விஜிஎம்மில் பேலட் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு), சரக்கு நகராமல் வைக்கும் முட்டுக்கட்டை, காலிக் கண்டெய்னர் எல்லாம் சேர வேண்டும். காலி எடை கதவிலேயே ‘டேர்’ என்று எழுதியிருக்கும். 20 அடிப் பெட்டி சுமாராக 2,200 கிலோ வரும், ஆனால் பெட்டிக்குப் பெட்டி மாறும். போன மாத எண்ணைக் காப்பியடிக்காமல், ஸ்டஃபிங் (பெட்டியில் சரக்கு ஏற்றும்) அன்று கதவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடைமேடைக்குப் போகாத வழியும் உண்டு: ஒவ்வொரு கார்ட்டனையும் பேலட்டையும் எடைபோட்டு, டேரைக் கூட்டுவது. ஆனால் அந்த முறைக்கு அரசின் அங்கீகாரம் வேண்டும்; தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மாதம் நாலைந்து கண்டெய்னர் அனுப்பும் யூனிட்டுக்கு இது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. டிரெய்லர் சென்னையிலிருந்து காலிப் பெட்டியுடன் வரும்போது ஒருமுறை, லோடு ஏற்றி சீல் போட்டபின் ஒருமுறை, ஒரே எடைமேடையில் ஏற்றுங்கள். வித்தியாசத்துடன் டேரைக் கூட்டினால் விஜிஎம். நடுவில் டீசல் நிரப்பக்கூடாது. டிரைவரும் கிளீனரும் இரண்டு தடவையும் இறங்கி நிற்கட்டும். இரண்டு ஆள் எடை என்றால் சும்மா இல்லை. அந்த எடைமேடைக்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே டிரெய்லரில் இரண்டு 20 அடிப் பெட்டி போனால் மொத்தத்தைப் பாதியாக வகுத்து எழுதாதீர்கள். தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும்.

சரக்கு குறைந்து எல்சிஎல்லில், அதாவது பிறர் சரக்குடன் ஒரே கண்டெய்னரில் போனால், கண்டெய்னரின் விஜிஎம் கொடுப்பது பலர் சரக்கையும் சேர்த்து ஏற்றும் கன்சாலிடேட்டர் வேலை. அப்போதும் உங்கள் கார்ட்டன்களின் சரியான எடையை அவருக்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.