கையெழுத்து போட்டதால் தங்கையைக் கட்டிப்போடலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. எங்களோடுதான் இருக்கிறாள். பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) பிரச்சினை உண்டு. போன மாதம் நாலு நாள் தூக்கமே இல்லாமல் தெருவில் இறங்கி ஓடியதால், ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். கையெழுத்து நான்தான் போட்டேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று பார்க்கப் போனால் முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கட்டிய தடம். ராத்திரி வார்டுக்கு ஒரே ஆயா என்பதால் கட்டிலோடு கட்டிவிடுகிறார்களாம். போனும் தருவதில்லை. கேட்டால், "எல்லாத்துக்கும் சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டீங்க, இப்ப வந்து கேட்டா எப்படி?" என்கிறார் மேலாளர். என்னால் எதுவும் செய்ய முடியாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முடியும். முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அதைக் காட்டித்தானே உங்கள் வாயை அடைக்கிறார்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவரை அதன் 89ஆம் பிரிவின்படிதான் சேர்க்க முடியும். அதற்கு விண்ணப்பம் கொடுப்பவர் 'நியமனப் பிரதிநிதி'. உங்கள் தங்கை முன்கூட்டியே வேறு யாரையும் எழுதி வைக்கவில்லை என்றால், உறவினர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. என்ன நோய், என்ன மருந்து என்று கேட்பது, டிஸ்சார்ஜ் பற்றி முடிவெடுக்கும்போது கூட இருப்பது, உள்ளே உரிமை மீறல் நடந்தால் மனுக் கொடுப்பது, இதெல்லாம் 17ஆம் பிரிவில் உங்கள் பொறுப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. கேள்வி கேட்க வேண்டியவர் என்பதால்தான் சட்டம் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறது. மருத்துவமனைப் படிவத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, தங்கையின் உரிமையை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, வாங்கிக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கும் இல்லை.

அடுத்து, கட்டிப்போட்ட விஷயம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். நம் மாநிலத்தில் நடந்தது இது. அதற்குப் பிறகும் ராத்திரியில் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள் என்று படிக்கும்போது மனசு பதறுகிறது. இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு, சங்கிலி போடுவதை எந்த வடிவத்திலும் கூடாது என்று அடியோடு தடை செய்கிறது. துணியாலோ பெல்ட்டாலோ கட்டுவதற்கு 97ஆம் பிரிவு கடுமையான நிபந்தனை வைக்கிறது. உடனடியாக ஆபத்து வரப்போகிறது, தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், அவருக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டலாம். அந்த நேரம் முழுக்க மருத்துவப் பணியாளர் கண்காணிக்க வேண்டும். ஏன் கட்டினோம், எப்படி, எவ்வளவு நேரம் என்று கேஸ் ஷீட்டில் உடனே எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒரு தடவையாவது போன் வந்ததா? தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் கட்டவும் கூடாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆக, "ஒரே ஆயாதான்" என்று அவர்கள் சொன்ன சமாதானமே அவர்களுக்கு எதிரான வாக்குமூலம்.

முடி விஷயம் 20ஆம் பிரிவில் வருகிறது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. பேன் இருந்தது, ஒட்ட வெட்டினோம், மொட்டை அடிக்கவில்லை என்று வாதிடுவார்கள். அதே பிரிவு கொடுமையான, இழிவான நடத்தையிலிருந்து அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது, அதனால் இதையும் மனுவில் எழுதுங்கள். சொந்த உடை உடுத்துவது, மாதவிடாய்க்குத் தேவையான பொருள்கள், வார்டு கூட்டச் சொன்னால் மறுப்பது என எல்லாமே அவர் உரிமை. போனுக்கு நேரம் வகுக்கலாம், அடியோடு மறுக்க முடியாது (26ஆம் பிரிவு).

ஊழியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நர்ஸோ ஆயாவோ "டாக்டர் சொன்னார், செய்தேன்" என்று தப்பிக்க முடியாது. இந்தச் சட்டத்தை மீறும் எவருக்கும் 108ஆம் பிரிவின் கீழ் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆனால் ஒரு வார்டு முழுவதையும் ராத்திரி ஒரே பெண்ணிடம் விட்டுவிட்டுப் போன நிர்வாகம்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு விவரம் சொன்னது அந்த ஆயாவாக இருந்தால் அவர் பெயரை மனுவில் எழுதாதீர்கள். வேலை போய்விடும். தங்கையின் மணிக்கட்டும் கேஸ் ஷீட்டும் போதும்.

இப்போது செய்ய வேண்டியது. மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவ அதிகாரிக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பிரிவில் சேர்த்தீர்கள், சேர்க்கும்போது பரிசோதித்த இருவரின் அறிக்கை எங்கே, கட்டிப்போட்ட ஒவ்வொரு தடவைக்கும் பதிவு எங்கே என்று கேட்டு நகல் கோருங்கள். சேர்க்கப்பட்டவர் பெண் என்பதால், இப்படிச் சேர்ப்பதையும் உரிமை மீறல் புகார்களையும் விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மூன்று நாளுக்குள் தகவல் போயிருக்க வேண்டும். அதன் நகலையும் கேளுங்கள். இந்த ஒரு தாளைக் கேட்டாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கடிதத்தின் பிரதியில் சீல் போட்டு வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாரியத்துக்கும் மனுப் போடுங்கள், கட்டணம் கிடையாது. மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர் தலைவராக இருப்பார். சேர்த்ததையே எதிர்த்துக் கொடுக்கும் மனுவை ஏழு நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். உரிமை மீறல் என்று தெரிந்தால் நேரில் ஆய்வு செய்யவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் பகுதிக்கான வாரியம் எங்கே இருக்கிறது என்பதை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். தங்கைக்காக இலவசமாக வழக்கறிஞரும் தருவார்கள்.

மணிக்கட்டுத் தடத்தைத் தங்கையிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அது வாரியத்துக்கு மட்டும். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், அவர் மீண்டு வந்து அதே சொந்தங்களுக்கு நடுவில்தான் வாழப் போகிறார். காயம் ஆழமாக இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துவிட்டு, காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோபத்தில் இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பைபோலாரில் அது மறுபடியும் தெருவுக்கு இழுத்துவிடும். வேறு மனநல மருத்துவர் ஒருவரிடம் பேசி, படுக்கை உறுதியான பிறகு மாற்றுங்கள். இப்போது என்னென்ன மருந்து, என்ன அளவு என்று எழுதி வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

நீங்கள் போட்ட கையெழுத்துக்கு 30 நாள்தான் ஆயுள். அதற்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும், வாரியமும் அனுமதிக்க வேண்டும். அதற்கு முன்பே அவர் தெளிந்து, தானே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால், இருப்பதா போவதா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு தடவை இதைப் பரிசோதிப்பது டாக்டரின் கடமை. பன்னிரண்டு நாளில் ஒரு தடவையாவது செய்தார்களா என்பதையும் கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள்.