ஆசானைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

தற்காப்புக் கலை கற்பிக்கும் ஒருவர் பயிற்சிக் களத்துக்கு வெளியே ஒரு மனிதராக எவ்வாறு வளர்கிறார், உங்கள் சொந்த அனுபவம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிக்கு அருகே, பாமணியாற்றின் கரையிலுள்ள ஓர் ஊரில் 1998 முதல் நான் சிலம்பம் கற்பித்து வருகிறேன். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது மணலிலும், சம்பா அறுவடை முடிந்த பின் நெற்களத்திலும், அடைமழைக் காலத்தில் கோயிலை ஒட்டிய கொட்டகையிலும் வகுப்பு நடக்கும்.

என் ஆசான் 2004இல் காலமானார். அதுவரை நான் கம்பை எடுத்துச் சுழற்றும்போதெல்லாம், திண்ணையில் சாய்ந்தபடியே "இடது கால் தூங்குது பார்" என்று சொல்ல ஒருவர் இருந்தார். அவருக்குப் பின் களத்தில் என்னைத் திருத்தும் உரிமை உள்ளவர் எவரும் இல்லை. மாணவர்கள் மண்ணைத் தொட்டு வணங்கி, சலாவரிசை என்னும் வணக்க அசைவுகளை எடுத்துத்தான் தொடங்குகிறார்கள். பெற்றோர் என்னைக் கண்டால் தோள்துண்டை இறக்கிக்கொள்கிறார்கள். இந்த மரியாதை கலைக்கு உரியது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் முப்பது பேர் தன் சொல்லுக்குக் காத்து நிற்கும் இடத்தில் பத்தாண்டுகள் வாழ்ந்தவனுக்கு, தான் தவறக்கூடும் என்ற நினைவே மெல்ல மறைந்துவிடுகிறது. எனக்கு அது மறைந்துதான் போயிருந்தது.

2013இல் 16 வயது மாணவன் ஒருவன், கீழே வரும் வீச்சைத் தாண்டிக் குதித்தபோது நிலை தடுமாறி, வலது உள்ளங்கையை ஊன்றி நெற்களத்தில் விழுந்தான். வீக்கம் பெரிதாக இல்லை, விரல்களை மடக்கினான், கம்பையும் பிடித்துக் காட்டினான். கட்டைவிரலின் அடியிலுள்ள குழியை அழுத்தியபோது மட்டும் துடித்தான். என் ஆசானிடம் கற்ற முறைப்படி எண்ணெய் தடவி, நீவி, துணியால் கட்டிவிட்டு, சுளுக்குதான், பத்து நாளில் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவன் தந்தை, வேண்டுமானால் ஓர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று மாதமாகியும் அவனால் வாளித் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. பின்னர் அரசு மருத்துவமனையில் எடுத்த படத்தைப் பார்த்த மருத்துவர், மணிக்கட்டில் படகு வடிவிலுள்ள சிறிய எலும்பு ஒன்று முறிந்து, ஒட்டாமலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார். அந்த எலும்புக்குள் இரத்தம் பெரும்பாலும் ஒரு முனை வழியாகவே நுழைவதால், நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடக்கும் என்றும், முதல் நாள் எடுக்கும் படத்தில்கூட அந்த முறிவு தெரியாமல் போகலாம் என்பதால் குழியில் வலி இருந்தாலே கட்டுப்போட்டு வைத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பார்கள் என்றும் அவர் விளக்கினார். நான் நீவிய இடம் அதுதான். இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து வைத்து, திருகாணி பொருத்தி அறுவை செய்தார்கள்.

அவர்கள் வீட்டுக்குச் சென்று வாசலில் நின்ற அந்த மாலையை என் வளர்ச்சியின் தொடக்கமாகக் கருதுகிறேன். "தவறு என்னுடையது" என்ற இரண்டு சொற்களைச் சொல்வதற்கு முன் என் நாக்கு எத்தனையோ விளக்கங்களைத் தேடியது: பையன் கவனமாக இல்லை, தரை சரியில்லை, பாரம்பரிய முறை பொய்க்காது என்றெல்லாம். அவன் தந்தை என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர், "நீங்க சொன்னதால விட்டுட்டேங்க அய்யா" என்று மட்டும் சொன்னார். அந்த ஊரில் என் சொல்லுக்கு இருந்த எடைதான் அந்தப் பையனின் கையில் ஏறி நின்றது என்பதை அப்போது உணர்ந்தேன்.

அதற்கடுத்த ஆண்டு, 43 வயதில், ஒரு முதலுதவிப் பயிற்சியில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் என் மாணவர்களின் வயதினர். கட்டுத் துணியை நான் தவறாக மடித்தபோது, ஓர் இளம் செவிலியர் எல்லார் முன்னிலையிலும் அதைப் பிரித்து மீண்டும் மடிக்கச் சொன்னார். முகம் சூடானது, ஆனால் ஆசான் மறைந்தபின் ஒருவர் என்னைத் திருத்தியது அன்றுதான். வர்மமும் எண்ணெய்க் கட்டும் பயனற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. எலும்பின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை விரலால் மட்டும் அறிய முடியாத இடங்கள் உண்டு, அங்கே என் கை நிற்க வேண்டும் என்பதைத்தான் கற்றேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் உறவினர் தோப்பில் பெரும்பாலான தென்னைகள் சாய்ந்தன. மாணவர்களோடு மரம் அறுக்கச் சென்றேன். விழுந்த மரம் எந்தப் பக்கம் இறுகி நிற்கிறது, எங்கே ரம்பத்தை வைத்தால் தெறிக்கும் என்பதை அறிந்தவன், களத்தில் மூன்று ஆண்டு நின்றும் இரண்டாம் வரிசைப் பாடத்தைத் தாண்டாத ஒரு பழைய மாணவன். ஒன்பது நாள்கள் அவன் சொன்ன இடத்தில் நின்றேன், அவன் சொன்னபோது விலகினேன். அவனை மந்தம் என்று நான் எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வகுப்பு நின்றது. அவ்வாண்டு, எட்டு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக ஜூன் 12 அன்றே மேட்டூர் அணை திறக்கப்பட்டதால், எங்களுக்கிருந்த ஒன்றரை ஏக்கரில் குறுவை போட என் மனைவி முடிவு செய்தார். அதுவரை நிலத்தைப் பார்த்தவர் அவர்தான். நான் வரப்பில் நின்று பேசிவிட்டு வருபவன். அண்டை வெட்ட, அதாவது வரப்போரத்தை மண்வெட்டியால் செதுக்க, இறங்கிய முதல் நாளே சேற்றில் விழுந்தேன். சிலம்பத்தில் குதிகாலைத் தளர்த்தி, முன்பாதத்தில் நின்று திரும்பப் பழகிய கால்கள், சேற்றில் முன்பக்கமாகவே புதைந்தன. மண்வெட்டியை நான் தோளிலிருந்து ஓங்கி வீசுவதைப் பார்த்த என் மனைவி, "எதிர்ல யாரு நிக்கிறா, ஏன் இந்த வேகம்?" என்று கேட்டார். வாய்க்கால் முறையில் எங்கள் தண்ணீரை ஒருவர் மடை திருப்பிக்கொண்டபோது நான் குரலை உயர்த்தப் போனேன். என் மனைவி என்னை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் பேசி, இரவு முறையை மாற்றிக்கொண்டு வந்தார். இருபது ஆண்டுகளாக அவர் இப்படித்தான் அந்த நிலத்தைக் காத்து வந்திருக்கிறார் என்பதும், ஊரில் என் பெயருக்கு இருந்த மதிப்பில் பாதி அவருடைய பேச்சால் காக்கப்பட்டது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தன.

இப்போது அரசுப் பணிக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு. ஆனால் சான்றிதழுக்காக, காயத்தை மறைத்துக்கொண்டு போட்டிக்கு நிற்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். கை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், கம்பை வாங்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருகிறேன்; போட்டி நெருங்கிவிட்டது என்று வாதிடும் பெற்றோரிடம், 2013இல் நடந்ததை என் பிழையாகவே சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டும் வேலை. மணிக்கட்டு முழுவதும் மடங்காது. இடது கையால் வீசக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்குக் காலடி சொல்லித் தருகிறான். என் வகுப்பில் குறை கண்டால் என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகள் ஒன்றும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள், இணைகளை நான் மிக நெருக்கமாக நிறுத்துகிறேன் என்றும், தான் விழுந்த அன்றும் பின்னாலிருந்தவனின் கம்புக்கு அஞ்சித்தான் திரும்பியதாகவும் சொன்னான். இப்போது இரண்டு கம்பு நீளம் இடைவெளி விட்டு நிறுத்துகிறோம். களத்தில் அந்தக் கோடுகளைச் சுண்ணாம்பால் போடுபவன் அவன்தான்.