19 பேர் 110 பேரான கதை

கேள்வி இதுதான்: "உள்ளகப் பயிற்சி முடித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். முதல் தடவையாக ஒரு மருத்துவ சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்பப் போகிறோம். உசாத்துணை வன்கூவர் முறையில் வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது?"

நான் டொக்டர் இல்லை, தங்கச்சி. டொக்டர்மாரின் கட்டுரைகளுக்குப் பின்னால் இருந்து தரவு பதிந்து, உசாத்துணை ஒழுங்குபண்ணிக் கொடுக்கிற ஆய்வு உதவியாளர். ஆறு வருடமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் விதிகளைச் சொல்வதற்கு முதல் நான் கெட்ட கதையைச் சொல்கிறேன்.

புடையன் பாம்புக்கடி பற்றிய கட்டுரை அது. உசாத்துணை முழுவதையும் கையாலேயே எண் போட்டு எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முதல்நாள் பின்னேரம் சேர் கூப்பிட்டு, "பிள்ளை, கடைசியில கிடக்கிற இந்தப் பந்தியை முன்னுரைக்குக் கொண்டுபோனா நல்லா இருக்குமே?" என்றார். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பந்தியோடு 24ஆம் எண் முன்னுக்கு வந்து 9 ஆகிவிட்டது. பழைய 9 பத்தாக வேண்டும், 10 பதினொன்றாக வேண்டும், இப்படியே 23 வரைக்கும். நேரமோ இரவு பதினொரு மணி. வேர்டில் 'தேடி மாற்று' என்ற வசதியைத் திறந்து, 9 வருகிற இடமெல்லாம் 10 என்று மாற்றச் சொன்னேன். சேமித்து மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் 2009 என்ற ஆண்டு 20010 ஆகிக் கிடக்கிறது. பதறிப்போய் ஆண்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, மிச்ச எண்களையும் கையாலேயே மாற்றி அனுப்பினோம். முடிவுகள் பகுதியில் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 19 பேர் 110 பேராகி இருந்ததை ஒருவரும் காணவில்லை. மதிப்பாய்வாளர் கண்டார். "அட்டவணையில் 19, பந்தியில் 110. மிச்ச 91 பேர் எங்கே?" என்று கேட்டிருந்தார். சேர் என்னை ஏசவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

அதனால் நான் முதலில் சொல்வது, எண்ணைக் கையால் போடாதீர்கள். கட்டுரையின் முதல் வரியை எழுதும்போதே ஸொட்டெரோவை நிறுவிவிடுங்கள். 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த, உசாத்துணைகளைச் சேர்த்துவைத்து எண் போட்டுத் தருகிற மென்பொருள், இலவசம். ஆய்வுக் கட்டுரையின் டிஓஐ எண்ணையோ (இணையத்தில் அந்தக் கட்டுரைக்குரிய தனி அடையாளம்), பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் அதற்குள்ள எண்ணையோ கொடுத்தால் விவரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். வேர்டுக்குள் மேற்கோளை அதன் பொத்தானால் செருகினால், பந்தியை எங்கே தூக்கி வைத்தாலும் எண்கள் தாமாகவே திருந்தும். மெண்டலி, எண்ட்நோட் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கட்டுரையை எழுதுகிற எல்லோரும் ஒரே மென்பொருளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பலும் சாம்பாருமாகிவிடும்.

வன்கூவர் முறை என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 1978இல் கனடாவின் வன்கூவர் நகரத்தில் சில மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்கள் கூடி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை வைப்போம் என்று பேசியதில் பிறந்தது. (எங்கள் யாழ்ப்பாண மருத்துவபீடம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) கட்டுரையில் முதலில் வருகிற மேற்கோளுக்கு 1, அடுத்ததற்கு 2, அதே கட்டுரையைத் திரும்பச் சொன்னால் பழைய எண்தான். பட்டியலில் ஆசிரியர்கள், தலைப்பு, சஞ்சிகையின் சுருக்கப் பெயர், பிறகு 2002;347(4):284-7 என்கிற மாதிரி ஒரு வால். ஆண்டு, தொகுதி, அடைப்புக்குள் இதழ், பக்கம். 284-287 என்று முழுதாக எழுதாமல் 284-7 என்று நிறுத்துவது இந்த முறையின் வழக்கம்.

ஆறு பேருக்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால் முதல் ஆறு பேரைப் போட்டு 'மற்றும் பலர்' என்பதற்கான லத்தீன் சுருக்கத்தைச் சேர்ப்பது பொது வழக்கம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறையில் மூன்று பேரோடு நிறுத்துவார்கள். எண் மேலே சிறிதாகத் தொங்க வேண்டுமா, அடைப்புக்குள் வர வேண்டுமா, முற்றுப்புள்ளிக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் சஞ்சிகைக்குச் சஞ்சிகை மாறும். அதை மனப்பாடம் பண்ணாதீர்கள். அந்தச் சஞ்சிகையில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மென்பொருள் சறுக்குகிற இடங்களும் உண்டு. முதலாவது நிறுவனப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை ஆளின் பெயர் என்று நினைத்து, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி 'ஓர்கனைசேஷன் டபிள்யூ எச்' என்று போட்டுவிடும். இதை நான் எத்தனை கட்டுரைகளில் திருத்தினேன் என்று கணக்கே இல்லை. சுகாதார அமைச்சு, தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பெயரை ஒற்றைப் பெட்டியில் போடச் சொல்லி மாற்றினால் சரிவரும்.

இரண்டாவது, எங்கள் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். கந்தையா சிவநேசன் என்ற ஒருவர் ஒரு கட்டுரையில் 'சிவநேசன் க', இன்னொன்றில் 'கந்தையா சி' என்று வந்தால் பப்மெட்டுக்கு அவர் இரண்டு ஆள். நீங்கள் மேற்கோள் காட்டும்போது, "இவர் எங்கட ஊர் ஆள், பேர் மாறிக் கிடக்கு" என்று திருத்தப் போகாதீர்கள். அச்சில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும். உங்கள் சொந்தப் பெயருக்கு இன்றைக்கே ஒரு வடிவத்தை முடிவுசெய்து, ஓர்கிட் என்கிற, ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணையும் எடுத்துவிடுங்கள். அதுவும் இலவசம்தான்.

புள்ளி, காற்புள்ளி பிழைத்தால் அச்சுக்கு முன் யாராவது திருத்துவார்கள். வரியில் சொன்ன விஷயம் அந்த எண்ணுக்குரிய கட்டுரையில் இல்லாவிட்டால் ஒருவரும் திருத்த மாட்டார்கள். 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஐந்தே வசனத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கியிருந்து ஓபியொயிட் (அபின் வகை) வலிமருந்து எடுத்தவர்களில் அடிமையானவர்கள் அரிது என்றது. 2017இல் எண்ணிப் பார்த்தபோது 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. ஐந்தில் நான்கு பங்கு, அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. ஆகவே சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு எண் போடாதீர்கள். செயற்கை நுண்ணறிவிடம் உசாத்துணை கேட்டால், இல்லாத கட்டுரைக்கும் அழகான பக்க எண் தரும். டிஓஐயை ஒருமுறை சொடுக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

அனுப்புகிற அன்று கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அதில் மட்டும் மென்பொருள் இணைப்பை அறுத்து அனுப்புங்கள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். திருத்தச் சொல்லிக் கட்டாயம் திரும்பி வரும். அப்போது யாராவது ஒரு சேர் இன்னொரு பந்தியை முன்னுக்குக் கொண்டுபோகச் சொல்வார்.